குழந்தை விடப்பட்டிருக்கும் இடம்

போன மாதம் ஒரு காலையில் நித்யா என்ற பெண் எனக்குத் தொலைபேசியில் பேசினார். தொழிலாளர் துறையில் உதவி ஆய்வாளர். நான் ஓய்வு பெற்ற பிறகு நாமக்கல் அலுவலகத்துக்கு வந்தவர், நேரில் பார்த்ததில்லை. பழைய கோப்பு ஒன்றில் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, அலுவலக உதவியாளரிடம் என் எண்ணை வாங்கியிருக்கிறார்.

“சார், பால் கொடுக்கற அம்மாக்களுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு இடைவேளை, அதுக்கு மேல போய்வர நேரமும் சேர்த்துத் தரணும்னு பழைய விதியில இருக்கு. அந்தப் போய்வர நேரத்த நீங்கல்லாம் எப்படி முடிவு பண்ணுனீங்க? மேப்ல தூரம் பாத்தாப் போதுங்களா?”

“போதாதும்மா. அந்தம்மா கூடவே நடக்கோணும்,” என்றேன்.

“நீங்க நடந்தீங்களா சார்?”

“நடந்தேன்.”

“அப்ப அத எழுதி வைங்க சார். இப்ப எல்லாத் தொழிலாளர் சட்டத்தையும் நாலு தொகுப்பாக் கட்டிட்டாங்க. எது எங்க போச்சுன்னு தேடறதுக்கே பொழுது சரியா இருக்குது. எப்படிப் பாக்கறதுன்னு சொல்ல இங்க யாருமில்ல.”

அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் எழுத உட்கார்ந்ததும் நடையைப் பற்றி மட்டும் எழுத முடியவில்லை. கூடவே திலகவதி மேடம் வந்துவிடுகிறார்.

நான் வெண்ணந்தூர்க்காரன். தட்டச்சு முடித்து, சேலத்தில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் சேர்ந்தேன். பல வருடம் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. ஆய்வுக்குப் போய் வந்தவர்கள் சொல்வதை அடித்துக் கொடுப்பேன். கடைகளை எனக்குத் தாளில்தான் தெரியும். பதவி உயர்வு பெற்று உதவி ஆய்வாளராகத் திருச்செங்கோட்டுக்கு வந்தபோது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த வேலையில் எல்லாம் உண்டு. தராசுக்கு முத்திரை போடுவது முதல், கடையில் வாரம் ஒரு நாள் விடுப்பு விடுகிறார்களா என்று பார்ப்பது வரை. சுதந்திர தினத்தன்றும் குடியரசு தினத்தன்றும் ஊருக்கெல்லாம் விடுமுறை கிடைக்கிறதா என்று பார்க்கப் போவோம்; அதனால் எங்களுக்கு மட்டும் விடுமுறை கிடையாது. ஒரு ஆகஸ்ட் பதினைந்தில் பள்ளிபாளையத்தில் ஒரு ஜவுளிக் கிடங்கு. பாதி இறக்கிய ஷட்டருக்கு வெளியே நின்றுகொண்டு முதலாளி, “உள்ள ஆருமில்லீங்க சார், சும்மா கூட்டிப் பெருக்கலாம்னு தொறந்தேன்,” என்றார். அவர் காலடியில் பதினொரு ஜோடிச் செருப்பு கிடந்தது. நான் ஒவ்வொன்றாக எண்ணியதைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார். அந்த வயதில் எனக்கு அது பெரிய வெற்றியாகப் பட்டது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

செருப்பு எண்ணுவது ஆய்வு இல்லை என்று எனக்குக் காட்டியவர் திலகவதி மேடம்.

அவர் தொழிலாளர் ஆய்வாளர், எனக்கு மேலதிகாரி. ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு ‘ங்க’ போட்டுப் பேசுவோம். அவர் பேச்சில் அது இருக்காது. “வா”, “சொல்லு”, “அந்த ரிஜிஸ்டர எடு” என்பார். கடைக்காரர்கள் ஆரம்பத்தில் முகம் சுளிப்பார்கள். மரியாதைக் குறைவு என்று நினைப்பார்கள். ஆனால் முதலாளியிடமும் அப்படித்தான், மூட்டை தூக்குபவரிடமும் அப்படித்தான் என்று தெரிந்த பிறகு பழகிவிடும். சேலைக்குக் கீழே கான்வாஸ் ஷூ போட்டிருப்பார். முழங்கால் வலிக்கு மருத்துவர் சொன்னது. கையில் நீளமான ஆண்கள் குடை. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

அவரோடு நான் போன முதல் ஆய்வு, ராசிபுரத்தில் ஒரு பாத்திரக்கடை. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒரேயடியாக வேலை வாங்கக் கூடாது, இடையில் ஒரு மணி நேரம் ஓய்வு விட வேண்டும் என்பது கடைச் சட்டம். நான் ஊழியர்களை வரிசையாக நிற்க வைத்து, “சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் உடறாங்களா?” என்று கேட்டேன். எட்டுப் பேரும், “உடறாங்க சார்,” என்றார்கள். எட்டு ‘ஆம்’ என்று எழுதிவிட்டு மேடத்தைப் பார்த்தேன்.

அவர், அடுக்கு துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் போய், “நேத்து ஊட்லேர்ந்து என்னா கொழம்பு கொண்டாந்த?” என்றார்.

“தட்டப்பயிறுங்க.”

“நல்லா இருந்துச்சா?”

“எங்கீங்க. ரெண்டு வாய் வெச்சேன், சாமான் வாங்க ஆளு வந்துட்டாங்க. மூடி வெச்சுட்டு எந்திரிச்சுட்டேன். மறுக்காத் தொறக்கறப்ப மூணு மணியாச்சு. நொதிச்சுப் போச்சுங்க.”

மேடம் அதை அப்படியே, ‘நொதிச்சுப் போச்சுங்க’ என்பதோடு சேர்த்து எழுதிக்கொண்டார். பேருந்தில் திரும்பும்போது என்னிடம், “ஆமா, இல்லன்னு பதில் சொல்ற மாதிரி ஒரு கேள்வி கேட்டீனா, முதலாளி என்னா சொல்லச் சொன்னாரோ அதுதான் வரும். கொழம்ப யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டாங்க,” என்றார்.

அதன் பிறகு என் பணிக்காலம் முழுக்க நான் மனிதர்களிடம் குழம்பைத்தான் கேட்டேன். ஜெயந்தியின் விவகாரம் தொடங்கியதும் அப்படித்தான்.

திருச்செங்கோட்டில் ரத வீதியை ஒட்டி மூன்று மாடி ஜவுளிக்கடை ஒன்று இருந்தது. பெயர் வேண்டாம். நாற்பது பெண்கள் வேலை செய்தார்கள். எல்லோருக்கும் ஊதாச் சேலை சீருடை. முதல் மாடியில் பட்டுச் சேலைப் பிரிவில் மேடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார். ஓரத்தில் ஒரு பெண் நின்றாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது. மடித்த சேலை ஒன்றை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். நாங்கள் கிட்டே போனபோதும் அதை மேசையில் வைக்கவில்லை.

“நேத்து என்னா கொழம்பு?”

“நேத்துச் சாப்பிடலீங்க.”

“விரதமா?”

“இல்லீங்க. சாப்பாட்டு நேரத்துல ஊட்டுக்குப் போயிட்டு வந்தனுங்க.”

“ஊட்ல சாப்ட்டியா?”

“இல்லீங்க. பாப்பாவுக்குப் பால் குடுத்துட்டு ஓடியாந்துட்டனுங்க. நேரமாயிருச்சுங்க.”

மேடம் அவள் அணைத்திருந்த சேலையையே பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, “நீ கீழ போய் வருகைப் பதிவேட்ட வாங்கிட்டு வா,” என்றார். பதிவேட்டை நான் ஏற்கெனவே வாங்கிவிட்டேன் என்று சொல்ல வாய் திறந்தேன். அவர் பார்வையைக் கண்டு இறங்கிப் போய்விட்டேன். சேலையை அவள் ஏன் கீழே வைக்கவில்லை என்பது படிக்கட்டில் பாதி இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பால் சுரந்து சீருடை நனைந்திருக்கிறது.

அவள் பெயர் ஜெயந்தி. கணவர் ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு தோண்ட வடக்கே போயிருந்தார். போனால் எட்டு மாதம், ஒன்பது மாதம். மலையடிவாரத்தில் வாடகை வீடு. அப்போது பேறுகால விடுப்பு பன்னிரண்டு வாரம்தான். விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது குழந்தைக்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை. நாத்தனார் மல்லிகா குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். புட்டிப்பால் சேரவில்லை, வயிற்றோட்டம் வந்து மருத்துவமனை வரை போயாகிவிட்டது. அதனால் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடுவாள். கடையில் விட்டது ஒரு மணி நேரம்கூட இல்லை, நாற்பது நிமிடம். தாமதமாக வந்ததற்கு இரண்டு மெமோ கொடுத்திருந்தார்கள். மூன்றாவது கொடுத்தால் கணக்கு முடித்து அனுப்பிவிடுவது அந்தக் கடை வழக்கம்.

புகார் கொடுக்க அவள் வரவில்லை. அப்படி ஒரு உரிமை இருப்பதே அவளுக்குத் தெரியாது. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை, சாப்பாட்டு இடைவேளை போக, நாளுக்கு இரண்டு முறை பால் கொடுக்க நேரம் தர வேண்டும் என்று மேடம் சொன்னபோது, “சம்பளத்துல புடிச்சுக்குவாங்களா மேடம்?” என்றுதான் கேட்டாள்.

“பிடிக்கக் கூடாது.”

“அப்ப வேலையை விட்டு எடுத்துருவாங்களா?”

மேடம், “பாக்கலாம்,” என்றார்.

முதலாளி பண்பானவர். எங்களை உட்காரச் சொன்னார். மேடம் நின்றுகொண்டே பேசினார். “சட்டத்துல இருந்தாக் குடுத்தர்றனுங்க மேடம். நான் ஒண்ணும் கொழந்தைக்கு எதிரியில்லீங்க. ஆனா நாப்பது பொம்பளைங்க இருக்கறாங்க. ஒருத்தி போறப்ப வாரப்பவெல்லாம் நான் கேட்டுட்டு இருக்க முடியாது. எத்தன நிமிசம்னு எழுதிக் குடுங்க. அதுக்கு ஒரு நிமிசம் மேல போனாலும் நான் மெமோ குடுப்பேன்.”

அது நியாயமான பேச்சாகத்தான் இருந்தது. அதில் ஒரு பொறியும் இருந்தது. பால் கொடுக்கப் பதினைந்து நிமிடம். குழந்தை இருக்கும் இடத்துக்குப் போய்த் திரும்ப, தூரத்தைப் பொறுத்து ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல், பதினைந்து நிமிடத்துக்கு மிகாமல். விதி அவ்வளவுதான். வீடு அதற்கு மேல் தூரம் என்றால் அவள் எப்படியும் தாமதமாகத்தான் வருவாள். மூன்றாவது மெமோவைச் சட்டப்படியே கொடுக்கலாம்.

“நாளைக்கு என் ஆளு அவகூட நடப்பான். உங்க ஆளும் வரட்டும்,” என்றார் மேடம்.

நடப்பதற்கு முன் எனக்கு அவர் சொன்னவை இன்னும் நினைவிருக்கின்றன. அவள் நிற்கும் இடத்திலிருந்து கணக்கு தொடங்க வேண்டும், கடை வாசலிலிருந்து அல்ல. ஊழியர்களுக்கு மின்தூக்கி கிடையாது என்பதால் படியில்தான் இறங்க வேண்டும். முன்வாசல் அவர்களுக்கு மூடியிருந்தால் பின்வாசல் வழிதான் வழி. “அவ நடக்கற நடைதான் அளவு. ஓட விடாத. நீ ஜாஸ்தி வேகம் போவாத. அவங்க ஆளு மெதுவா நடந்தா அவன விட்டுட்டுப் போ.”

மறுநாள் காலை பதினொரு மணிக்கு முதல் மாடியிலிருந்து புறப்பட்டோம். கடை சார்பில் மேற்பார்வையாளர் செல்வராசு வந்தார். முப்பது வயதுக்காரர். இறங்கும்போதே, “வெயிலு இப்பவே இப்படிக் காயுதுங்களே சார்,” என்று நின்று பேச ஆரம்பித்தார். நான் கடிகாரத்தைக் காட்டிவிட்டு நடந்தேன். பின்வாசலில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்த சந்து. அதைத் தாண்டினால் காய்கறிக் கடைகள். ஜெயந்தி பழக்கத்தில் ஓட்டமும் நடையுமாகப் போனாள். நான் இரண்டு தடவை, “மெதுவாம்மா,” என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் அவள் திரும்பிப் பார்த்த பார்வையில், நான் அவள் பக்கமா கடையின் பக்கமா என்ற குழப்பம் இருந்தது.

வீட்டு வாசலுக்கு வந்தபோது பதினொரு நிமிடம். உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது. ஜெயந்தி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கதவு சாத்திக்கொண்டது. நானும் செல்வராசுவும் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றோம். அழுகை பட்டென்று நின்றது. இரண்டு ஆண்கள் அடுத்தவர் வீட்டு வாசலில் கையில் நோட்டும் கடிகாரமுமாக நிற்பது எனக்கே கூச்சமாக இருந்தது. எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி, “கரண்டு ஆபீசுங்களா?” என்று கேட்டாள். “ஆமாங்க,” என்று செல்வராசு சொல்லிவிட்டார். வேறென்ன சொல்வது.

கொஞ்ச நேரம் கழித்து அவரே பேசினார். “எங்கூட்டுலயும் ஒண்ணு இருக்குதுங்க சார். நாலு மாசம். அவ வேலைக்குப் போறதில்ல, அதனால எனக்கு இந்தக் கஷ்டம் தெரியலீங்க.” திரும்பும்போது அவர் எங்களுக்கு முன்னால் நடந்தார்.

திரும்பவும் பதினொரு நிமிடம். மொத்தம் இருபத்திரண்டு. விதி அனுமதிப்பது பதினைந்து.

பேருந்து நிலையத்துக்கு எதிரே தேநீர் குடித்துக்கொண்டு மேடத்திடம் நோட்டைக் காட்டினேன். அவர் எண்களை இரண்டு முறை பார்த்தார்.

“மேடம், பதினஞ்சுன்னு எழுதிரலாங்களா? அந்தச் செல்வராசு ஒண்ணும் சொல்ல மாட்டாருங்க. நல்ல மனுசன்தான்.”

அவர் என்னைத் திட்டவில்லை. “எழுதலாம்,” என்றார். “அப்புறம் அவ தெனமும் ஏழு நிமிசம் லேட்டா வருவா. முதலாளி வேற ஒரு ஆள விட்டு நடக்கச் சொல்லுவாரு. இருபத்திரண்டு வரும். உன் கையெழுத்து பொய்யின்னு ஆவும். அவளும் பொய்க்காரின்னு ஆவும். அதுக்கு அப்புறம் இந்த ஊர்ல எந்தப் பொண்ணு கேட்டாலும் நம்ம நோட்ட யார் மதிப்பா?”

குடித்து முடித்த கிளாசைக் கீழே வைத்துவிட்டுப் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். அட்டை கிழிந்து, பழுப்புத் தாள் போட்டுத் தைத்த புத்தகம். அந்த விதியை வாய்க்குள் படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

“இதுல வீடுன்னு எங்க இருக்கு?”

பார்த்தேன். வீடு என்ற சொல்லே இல்லை. காப்பகம் அல்லது வேலை நேரத்தில் குழந்தை விடப்பட்டிருக்கும் இடம் என்றுதான் இருந்தது. எத்தனையோ முறை படித்த வரிதான். நான் அதை வீடு என்றே படித்திருக்கிறேன்.

“ஊட்டக் கடைக்குப் பக்கத்துல கொண்டார முடியாது. கொழந்தயக் கொண்டாரலாம் இல்ல?” என்றார் மேடம்.

அடுத்த நாள் முழுக்க இருவரும் அந்தக் கடையைச் சுற்றி நான்கு தெரு அலைந்தோம். அதை எந்த ஆய்வறிக்கையிலும் எழுத முடியாது, எழுதவும் இல்லை. கடைக்குப் பின்னால் ரவிக்கை தைக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். இடமும் இருந்தது. ஆனால் அந்தக் கடையிலிருந்துதான் அவளுக்குத் துணி வருகிறது. “எனக்கு ஆசைதானுங்க. அவரு எம்பொழப்புல கை வெச்சா நான் எங்க போவேன்?” என்றாள். மாவு அரைக்கும் கடையில் தூசி. ஒரு வீட்டில் நாய். முழங்கால் வலியோடு மேடம் குடையை ஊன்றி ஊன்றி நடந்தார். மூன்று மணிக்கு மேல் ஒரு அங்கன்வாடிக்கு வந்து சேர்ந்தோம்.

அங்கே பணியாளராக இருந்தவர் நடுவயதுப் பெண். மேடம் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரை சத்துமாவுப் பொட்டலங்களை எண்ணி அடுக்கிக்கொண்டே கேட்டார்.

“அத்தனை சின்னக் கொழந்தைய நான் எடுத்துக்க முடியாதுங்க மேடம். எனக்கும் மேல ஆபீசரு இருக்கறாங்க.” கொஞ்சம் யோசித்தார். “ஆனா பால் குடுக்கற தாய்மார் இங்க வாரதுதானுங்க. நாத்தனாரு கொழந்தையத் தூக்கிட்டு வந்து தாழ்வாரத்துல உக்காந்திருந்தா, எந்திரின்னு நான் சொல்லப் போறதில்லீங்க.”

மல்லிகாவிடம் கேட்க வேண்டியது மட்டும் பாக்கி. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தினமும் அவ்வளவு தூரம் வந்து, நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டு வேலை எல்லாம் அப்படியே கிடக்கும். நாங்கள் நீண்ட விளக்கத்தோடு போனோம். அவள் பாதியிலேயே, “அங்க பேன் இருக்குதுங்களா?” என்று கேட்டாள். இருக்கிறது என்றோம். “அப்ப வாரேனுங்க. இந்த ஓட்டு ஊட்டுல வேகறதுக்கு அது தேவல,” என்றாள்.

பட்டுச் சேலைப் பிரிவிலிருந்து அங்கன்வாடிக்குப் போகவும் வரவுமாக ஒன்பது நிமிடம். செல்வராசுவும் தன் கடிகாரத்தில் ஒன்பது என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டார். மேடம் உத்தரவு எழுதினார். காலை பதினொன்றுக்கும் மாலை மூன்றுக்கும் தலா இருபத்துநான்கு நிமிடம். சாப்பாட்டு இடைவேளை தனியாக முழு ஒரு மணி நேரம், அவளுக்கு மட்டுமல்ல, நாற்பது பேருக்கும். இரண்டு மெமோவும் ரத்து. முதலாளி படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

“எத்தன நாளைக்குங்க?”

“பதினஞ்சு மாசம் முடியற வரைக்கும்.”

அவர் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இத்துடன் முடியவில்லை. அடுத்த வாரமே ஜெயந்தியை மூன்றாம் மாடித் திரைச்சீலைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். ஏறி இறங்கவே கூடுதல் நேரம். அவள் மூச்சு வாங்க அங்கன்வாடியிலிருந்து எனக்குத் தொலைபேசியில் பேசினாள். மேடம் அன்றே கிளம்பி வந்தார். இந்த முறை அவரே நடந்தார். மூன்று மாடிப் படியையும் அந்த முழங்காலோடு இறங்கி, அங்கன்வாடிக்குப் போய், திரும்பி ஏறினார். பதின்மூன்று நிமிடம். “என் நடைக்குப் பதிமூணு. அவ நடைக்குப் பன்னெண்டுன்னு வச்சுக்க,” என்று என்னிடம் சொல்லி, உத்தரவைத் திருத்தி எழுதினார். முதலாளி மேலே வந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் மூச்சு நிதானமாகும் வரை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு அவரிடம், “நீ இன்னும் ரெண்டு மாடி கட்டு. நான் வந்து அளக்கறேன்,” என்றார்.

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வேண்டாமுங்க மேடம். அந்தப் பொண்ணக் கீழயே உட்டர்றேன்,” என்றார். விட்டார். அதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் தகராறு செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வருடமே இன்னும் இரண்டு பெண்கள் அந்தக் கடையில் அதே இடைவேளையை வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் எங்களிடம் வரவே இல்லை. செல்வராசுவிடம் கேட்டிருக்கிறார்கள், அவர் கொடுத்திருக்கிறார்.

மேடம் மறு வருடம் ஓய்வு பெற்று ஆத்தூருக்குப் போய்விட்டார். வழியனுப்பு விழாவில் பேசச் சொன்னதற்கு, “எல்லாரும் சாப்ட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த நாற்காலிக்கு யாரும் வராததால் ஜெயந்தியின் கோப்பை முடித்து வைக்கும் வேலை என்னிடம் வந்தது. குழந்தைக்குப் பதினைந்து மாதம் நிறைந்தது, இனி குறை ஏதுமில்லை என்று அவளிடம் எழுதி வாங்கி, அறிக்கை வைக்க வேண்டும். திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கோப்பை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடந்த வழிக்கு நான் வரைந்திருந்த படம் அதில் இருந்தது. சந்து, காய்கறிக் கடை, அங்கன்வாடி, ஒவ்வொன்றுக்கும் நிமிடம். என் மனைவி கோகிலா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“என்னங்க அது, எடம் ஏதாச்சும் பாக்கறீங்களா?”

இல்லை என்று சொல்லி, நடந்ததையெல்லாம் சொன்னேன். நன்றாகச் சொன்னதாகவே நினைவு. மேடம் மாடிப்படி ஏறியதில் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. கீரையை ஆய்ந்த கை மட்டும் நின்றிருந்தது.

கோகிலா கல்யாணமான புதிதில் சேலத்தில் ஒரு மருந்து மொத்தக் கடையில் பில் போடும் வேலையில் இருந்தாள். பதினான்கு பேர் வேலை செய்த கடை. எங்கள் மகள் பிறந்து, விடுப்பு முடிந்து போய், ஒரு மாதத்தில் நின்றுவிட்டாள். உடம்புக்கு முடியவில்லை என்றாள். நானும் அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னேன்.

“பதினொரு மணியானாப் போதும், கல்லு மாதிரிக் கட்டிக்கும்,” என்றாள் கோகிலா. “கக்கூசுல போயி நின்னுட்டு, செவுத்தப் பாத்துட்டே பீச்சி உடுவனுங்க. அப்பறம் ஒரு சொம்புத் தண்ணி ஊத்தி அத்தனையும் கழுவி உட்டுட்டு வருவேன். அங்க ஊட்டுல அவ பசிக்கு அழுதுட்டு இருப்பா. ஒரு நாளு பில்லுக்கு ஆளுக வரிசையா நிக்கறாங்க, எனக்கு முன்னாலெல்லாம் நனைஞ்சு போச்சு. எந்திரிக்கவும் முடியல, உக்காரவும் முடியல. மறுநாள் நான் போகல.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே.”

“சொல்லியிருந்தா என்னங்க பண்ணியிருப்பீங்க?”

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவள் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இந்தச் சட்டம் எப்ப வந்துதுங்க?”

“நான் பொறக்கறதுக்கு முன்னாடியே.”

அவள் கீரைத் தண்டுகளை ஒன்று சேர்த்து எடுத்துக்கொண்டு எழுந்தாள். சமையலறை வாசலில் நின்று, “நாளைக்கு அந்தப் பொண்ணு வந்தா நான் கேட்டதாச் சொல்லுங்க,” என்றாள்.

மறுநாள் ஜெயந்தி குழந்தையோடு அலுவலகத்துக்கு வந்தாள். அது அவள் விரலை விட்டுவிட்டு மேசைக்கடியில் நடந்து போய், என் குப்பைக்கூடையைக் கவிழ்த்தது. ஜெயந்தி எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டாள். மேடத்துக்கு ஒரு நூல் சேலை எடுத்து வைத்திருப்பதாகவும், வாங்கமாட்டார் என்று தெரிந்தும் ஆத்தூருக்குக் கொண்டுபோகப் போவதாகவும் சொன்னாள். எழுந்து புறப்படும்போது சொன்னேன்.

“ஜெயந்தி, எங்கூட்டுல உன்னக் கேட்டதாச் சொல்லச் சொன்னாங்க.”

“அவீங்களுக்கு என்னைத் தெரியுங்களா சார்?”

“நான் சொன்னேன். அவங்களும் கடையில வேல பாத்தவங்கதான்.”

“இப்பப் போறதில்லீங்களா?”

“இல்லம்மா. எங்க பொண்ணு பொறந்தப்ப நின்னுட்டாங்க.”

“ஏனுங்க?” என்றாள். குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, பதிலுக்காக நின்றாள்.

“அப்ப எங்களுக்கு இதெல்லாம் தெரியாதும்மா,” என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். கோகிலா வேலையை விட்ட அந்த மாதம் நான் சேலம் அலுவலகத்தில் ஏழு வருடம் முடித்திருந்தேன். கடைகளின் சுவரில் ஒட்டுவதற்காக அந்தச் சட்டத்தின் சுருக்கத்தைப் பிரதி பிரதியாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.